பேஸ் டென் பிளாக் செட்: எதை வாங்கலாம், எதை நாமே செய்யலாம்

இரண்டாம் வகுப்புக்கு இடமதிப்பு நடத்த 121 துண்டு கொண்ட பிளாஸ்டிக் செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 1 செ.மீ. கனசதுரமாக ஒன்றுகள் 100, பத்து ஒன்றுகளைச் சேர்த்தது போன்ற பத்துக் கம்பி 10, பத்துக் கம்பியைச் சேர்த்தது போன்ற நூறு பலகை 10, பத்துப் பலகையை அடுக்கியது போன்ற ஆயிரக் கட்டை 1. ஹங்கேரியில் பிறந்த டீன்ஸ் என்ற கணிதர் பரப்பியதால் டீன்ஸ் கட்டை என்றும் சொல்வார்கள். இரண்டு மாதம் வகுப்பில் புழங்கிய பிறகு இதை எழுதுகிறேன்.

அளவு கச்சிதம். பத்து ஒன்றுகளை வரிசையாக வைத்து பக்கத்தில் ஒரு கம்பியைப் படுக்க வைத்தால் இரண்டும் ஒரே நீளம், அதை நான் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்துக்கே காசு தகும்.

குறை என்றால், எனக்கு வந்த டப்பாவில் ஒன்றுகள் 97தான் இருந்தன, சிலவற்றின் ஓரத்தில் பிசிறு வேறு. அதைவிடப் பெரிய சிக்கல் கழித்தலில் வந்தது. 42-இல் 17 போக வேண்டும், இரண்டில் ஏழு போகாது, பத்திலிருந்து கடன் வாங்கு என்கிறோம். ஆனால் கம்பி உடையாது! அதை டப்பாவில் போட்டுவிட்டு பத்து ஒன்றுகளை எடுத்துக்கொள் என்றால், முதல் முறை பார்க்கும் குழந்தைக்கு அது ஏதோ மாற்று வியாபாரமாகத்தான் தெரிகிறது, அந்தப் பத்து ஒன்றும் கம்பிக்குள்ளேயே இருந்தவை என்பது பிடிபடுவதில்லை.

அதனால் ஐஸ் குச்சிக்குப் போனேன். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டச் சொன்னேன், கட்டியதும் அவர்களே. கடன் வாங்கும்போது ஒரு குச்சிக் கட்டைப் பிரித்தால் பத்துக் குச்சியும் கையிலேயே விழுகிறது, ஏற்கனவே இருந்த இரண்டோடு பன்னிரண்டு, அதில் ஏழு போனால் ஐந்து, மீதி மூன்று கட்டில் ஒன்று போனால் இரண்டு, ஆக 25. ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு அப்புறம் பிளாக்கை எடுத்தேன், கம்பியை மாற்றும்போது யாரும் குழம்பவில்லை. என்னைக் கேட்டால் குச்சிதான் முதலில், பிளாக் அதற்குப் பிறகு.

நூறு பலகைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கிராப் தாளில் 10 செ.மீ. சதுரம் வெட்டி பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டினால் போதும், கோடுகள் ஏற்கனவே இருப்பதால் நூறு கட்டத்தையும் தொட்டு எண்ணலாம். ஒன்றுகளையும் அப்படியே செய்து பார்த்தேன், ஃபேன் காற்றில் பறந்துவிடுகின்றன, சின்னக் கைக்குப் பிடிக்கவும் வரவில்லை. சரி, அதை மட்டும் கடையில் வாங்குவதே நல்லது.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஆயிரக் கட்டையைக் கேட்டு வாங்கிப் போனார். உள்ளளவு அந்தக் கட்டையைப் போலவே மூன்று பக்கமும் 10 செ.மீ. வரும்படி அவர் வகுப்புப் பிள்ளைகள் கெட்டி அட்டையில் பெட்டி செய்து, லிட்டர் அளவையில் மணலை அளந்து கொட்டினார்கள், விளிம்பு வரை நிரம்பியது. ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர் என்று போர்டில் எழுதுவதும் அதைக் கண்ணால் பார்ப்பதும் ஒன்றா!

28 பிள்ளைகளுக்கு ஒரு செட் பத்தாது, ஏழு பேர் குழுவுக்கு 25 ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. அதற்காக இன்னொரு முழு செட் வாங்க மாட்டேன், ஒன்றுகள் மட்டும் தனி பாக்கெட்டாக எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.