நாகர்கோவில் பக்கம் பழைய நெகட்டிவை ஸ்கேன் செய்யக் கொடுப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

அப்பா எடுத்த நெகட்டிவ்களை நாகர்கோவிலில் ஒரு கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்து, காசும் போய், சில படங்களும் போய் உட்கார்ந்திருக்கிறேன். கடைப் பெயரை எழுதப் போவதில்லை, புகார் கொடுத்தாயிற்று, அது அதன் வழியில் போகட்டும். ஆனால் அவர்கள் ஏமாற்றிய விதம் இருக்கிறதே, அது எந்தக் கடையிலும் நடக்கும்.

பிரேமுக்கு 45 ரூபாய், பிலிம் ஸ்கேனரில் 4000 டிபிஐ (அதாவது அங்குலத்துக்கு 4000 புள்ளி), தூசி கீறல் எல்லாம் மிஷினே எடுத்துவிடும் என்றார்கள். மேசையில் உறை போட்டு மூடிய ஸ்கேனர் ஒன்று இருக்கவும் செய்தது. பென்டிரைவில் வந்த பைல்களும் அளவில் சரிதான். 35 எம்எம் பிரேம் 24க்கு 36 மில்லிமீட்டர், 4000 டிபிஐ என்றால் நீளவாக்கில் 5600 பிக்சலுக்கு மேல் வரவேண்டும், வந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால்தான் விஷயம். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் அத்தை நிற்கும் படத்தில் முகம் மெழுகு பூசியது போல வழவழவென்று இருக்கிறது, பிலிமுக்கே உரிய பொடிப்பொடியான கிரெயின் துளிகூட இல்லை. பைலின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் கேமரா என்ற இடத்தில் ஒரு செல்போன் மாடல்! எல்இடி விளக்குப் பலகையில் நெகட்டிவை வைத்துப் போனில் பிடித்து, நிறத்தைத் திருப்பி, சாப்ட்வேரில் இழுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கேமராவில் எடுப்பது தப்பே இல்லை, கிட்டத்தில் வைத்து எடுக்கும் நல்ல மேக்ரோ லென்ஸ் இருந்தால் அருமையாக வரும், அதைச் சொல்லி அதற்கான காசை வாங்க வேண்டியதுதானே.

கலர் நெகட்டிவில் இருக்கும் ஆரஞ்சு சாயத்தைக் கழிக்கத் தெரியாததால் எல்லார் முகத்திலும் நீலம். ஒரு சுருள் முழுக்கப் புரட்டி வைத்து எடுத்ததில் அம்மாவின் முந்தானை வலது தோளில் தொங்குகிறது, மண்டைக்காடு கொடைக்குப் போன படத்தில் கடைப் பலகை எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி.

சரி, இதெல்லாம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் நம்முடையது, பீரோவில் வைத்த பிலிமில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். அந்தப் பூஞ்சை பிலிம் மேல் உள்ள ஜெலட்டினைத் தின்னும், தின்ற இடம் தண்ணீர் பட்டால் கரைந்தே போகும். இவர்கள் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். சித்தப்பா கல்யாணச் சுருளில் பந்தல் இருக்கிறது, தாலி கட்டும் கை இருக்கிறது, மாப்பிள்ளை முகம் இருந்த இடத்தில் வெறும் பிளாஸ்டிக், தூக்கிப் பிடித்தால் அதன் வழியே ஜன்னல் கம்பி தெரிகிறது. "பழைய பிலிமுன்னா அப்படித்தான் அண்ணாச்சி இருக்கும்" என்றார் கடைக்காரர். கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் எடுத்து வைத்திருந்தேன் (ஆமாம், நானும் போனில்தான், ஆனால் 45 ரூபாய் வாங்கவில்லை). அதைக் காட்டிய பிறகுதான் வாயை மூடினார்.

தூசியை மிஷினே எடுக்கும் என்பதும் பாதிதான் உண்மை. அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடிக்கும் அந்த வசதி கலர் பிலிமுக்கானது. சாதாரணக் கருப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகள், மிஷின் அதையும் தூசி என்று எடுத்துக்கொள்ளும். தாத்தா காலத்துக் கருப்பு வெள்ளை நெகட்டிவுக்கும் அதைச் சொல்லியே கூடுதல் காசு வாங்கியிருக்கிறார்கள். உங்களிடம் யாராவது இப்படிச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கொடுத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் ஒரே ஒரு துண்டு கொடுங்கள், எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எந்த மிஷின், எத்தனை டிபிஐ, டிஃப் பைலா (தரம் குறையாமல் சேமிப்பது) சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கா, பிலிமில் தண்ணீர் படக்கூடாது, இத்தனையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில் கையில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

அப்பாவின் ஸ்லைடுகளை (நிறம் திருப்பாமல் நேராகவே படம் தெரியும் பிலிம்) நல்லவேளை இன்னும் கொடுக்கவில்லை. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் உட்கார்ந்து பார்க்க விடுகிற ஸ்கேனர்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.