அஞ்சும் பென்குயினும் அஞ்சாத பென்குயினும்

பென்குயின்கள் மனிதருக்கு அஞ்சுவதில்லை என்று பொதுவாகச் சொல்வது பாதிதான் சரி. இனமும் கரையும் மாறினால் குணமும் மாறுகிறது. பார்க்கப் போகிறவர் எங்கே போகலாம் என்பதையும் அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

அன்டார்டிகாவின் போர்ட் லாக்ராய்த் துறைமுகத்தின் சிறு தீவில் உள்ள ஜென்டூ பென்குயின்களுக்குத் தரையில் வேட்டைக்கார விலங்கு எதுவும் கிடையாது. பெரிய எதிரியான சிறுத்தைச் சீல் கடலில்தான் இருக்கிறது. ஆகவே, நிற்கும் மனிதரை அவை ஒரு பாறையைப் போலவே கருதுகின்றன. பயணிகள் 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அசையாமல் நின்றிருந்தால் பறவையே வந்து காலணியைக் கொத்திப் பார்ப்பதுண்டு. அப்படியிருந்தும் அந்தச் சிறு தீவில் பாதிக்கு மேல் யாரையும் விடுவதில்லை.

தென்னாப்பிரிக்காவின் போல்டர்ஸ் கடற்கரைக் கதை வேறு. 1982-இல் இரண்டு இணைகளாக வந்து, வீடுகளுக்கு அருகிலேயே குடியேறி, பின்னர் ஆயிரக்கணக்கில் பெருகிய ஆப்பிரிக்கப் பென்குயின்கள், மரப்பலகைப் பாதைக்குக் கைக்கெட்டும் தொலைவில் அடைகாக்கின்றன. வண்டியை எடுக்குமுன் அடியில் குனிந்து பாருங்கள் என்று அங்கே அறிவிப்பே வைத்திருக்கிறார்கள். நெருங்கினால் பறவை தலையை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். விளையாட்டு என்று எண்ணிப் பலர் அதைப் படமெடுக்கிறார்கள். உண்மையில் அது எச்சரிக்கை, அடுத்தது கூரிய அலகால் ஒரு கடி.

இதற்கு நேர் எதிரானது ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவு. சுமார் 33 சென்டிமீட்டர் உயரமும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுமுள்ள ‘குட்டிப் பென்குயின்’ என்ற இனப் பறவைகள், இருட்டிய பிறகே கூட்டமாகக் கரையேறுகின்றன. ஏதேனும் அசைந்தால் மொத்தக் கூட்டமும் அலைக்குள் திரும்பிவிடும். அதனால் பார்வையாளர்கள் படிக்கட்டு இருக்கைகளில் அமர வேண்டும், படமெடுக்க அனுமதி இல்லை. பென்குயின் வாழிடத்தில் எழுந்த குடியிருப்பையே விக்டோரியா மாநில அரசு 1985 முதல் படிப்படியாக விலைக்கு வாங்கி அகற்றியது.

நியூசிலாந்தின் மஞ்சள் கண் பென்குயின் இவற்றில் மிகவும் கூச்சமுள்ளது. கரையில் ஆள் நின்றால் அது நீரிலேயே காத்திருக்கும். அதுவரை குஞ்சு பசியோடு இருக்கும். ஆட்கள் அதிகம் வரும் இடங்களில் குஞ்சுகளின் எடை குறைவதை ஆய்வுகள் கண்டுள்ளன.

வெளியே தெரியும் அமைதியை மட்டும் நம்பவும் முடியாது. அர்ஜென்டினாவின் புண்டா டோம்போவில் மகெல்லன் பென்குயின்களின் இரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனை அளந்தபோது, சுற்றுலாப் பகுதியின் வளர்ந்த பறவைகள் மனிதருக்குப் பழகியிருந்தன. ஆனால் அங்கே புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்கு அந்த ஹார்மோன் மற்ற இடத்துக் குஞ்சுகளைவிடக் கூடுதலாக உயர்ந்தது.

அருகில் பார்க்க வேண்டும் என்பதே விருப்பமானால் போல்டர்ஸை விஞ்ச வேறு இடம் இல்லை. ஆயினும் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் பிலிப் தீவையே சொல்வேன். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் குளிரில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரப் பொறுமை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.