நாசா எக்ஸோபிளானட் ஆர்கைவ்: படத்தை விடுங்க, டேபிளைப் பாருங்க

ரொம்ப நாளா ஒரு கேள்வி மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. சிவப்புக் குள்ள நட்சத்திரம்னா சின்னது, மங்கலானது, அதைச் சுத்தி பூமி சைஸ்ல கல்லுக் கோள்தான் இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். வியாழன் மாதிரி குண்டா ஒரு வாயுக் கோள், அதுவும் ஒட்டி நின்னு வேகாம தள்ளி நின்னு விறைச்சுக் கிடக்கிறது அங்க உண்டா? இதைத் தேடித்தான் நாசா எக்ஸோபிளானட் ஆர்கைவ் பக்கம் போனேன், நம்ம சூரியக் குடும்பத்துக்கு வெளிய இருக்கிற கோள்களோட (எக்ஸோபிளானட்) பட்டியல் அது. அமெரிக்காவோட கால்டெக் பல்கலைக்கழகத்துல இருக்கிற ஐபேக்ங்கிற வானியல் மையம் நடத்துறது, காசு கிடையாது, லாகின் கேக்காது, நேரா டேபிளுக்குள்ள போயிடலாம்.

முதல்லயே சொல்லிடறேன், இது வேடிக்கை பாக்குற சைட் இல்ல. அதுக்கு நாசாவோட 'ஐஸ் ஆன் எக்ஸோபிளானட்ஸ்' தனியா இருக்கு, பிரவுசர்லயே 3டில கோளைச் சுத்திச் சுத்திப் பாக்கலாம், பசங்களுக்குக் காட்ட சூப்பர். ஆனா அதுல தெரியற பட்டை, மேகம், கலர் எல்லாம் கற்பனை, அதை யாரும் போட்டோ எடுக்கல. ஆர்கைவ்ல படம் இல்ல, நம்பர்தான். 2025 செப்டம்பர்ல 6000 கோளைத் தாண்டிடுச்சு.

டேபிள்ல ஒவ்வொரு நெடுவரிசைத் தலைப்புக்குக் கீழயும் ஒரு பெட்டி இருக்கும், அதுல ஃபில்டர் அடிக்கணும். நட்சத்திர எடை சூரியன்ல 0.5க்குக் கீழ, கோள் எடை வியாழன்ல 0.3க்கு மேல, சுத்துற காலம் 100 நாளுக்கு மேலன்னு அடிச்சேன், லிஸ்ட் சுருங்கி வந்துச்சு, ஆஹா இவ்வளவுதானான்னு சந்தோஷப்பட்டேன். அங்கதான் நான் முட்டாளானேன். மைக்ரோலென்சிங்ல கண்டுபிடிச்ச கோளுக்கெல்லாம் பெரும்பாலும் சுத்துற காலம்ங்கிற நம்பரே இருக்காது, முன்னாடி இருக்கிற நட்சத்திரமும் கோளும் ஈர்ப்பால இழுக்க, பின்னாடி இருக்கிற நட்சத்திரத்தோட வெளிச்சம் ஒரு தடவை வளைஞ்சு கூடும், அவ்வளவுதான், திரும்ப நடக்காது. அந்தக் கட்டம் காலியா இருந்தா ஃபில்டர் அந்தக் கோளைத் தூக்கிடும். ஆனா குளிர்ந்த குண்டுக் கோள் நிறைய கிடைக்கிறதே அந்த முறைலதான்! ஓஜிஎல்இ-2005-பிஎல்ஜி-071எல் பி அப்படிப்பட்டதுதான், வியாழனைவிட 3 மடங்குக்கு மேல எடை, 10000 ஒளி ஆண்டுக்கும் அப்பால ஒரு சிவப்புக் குள்ளனைச் சுத்துது, என் ஃபில்டர்ல அது காணவே காணோம். அதனால பீரியட் (சுத்துற காலம்) ஃபில்டரை எடுத்துட்டுத் தேடுங்க.

கடைசியா நான் உக்காந்துட்டது ஜிஜே 3512 பி பேஜ்லதான். சப்தரிஷி மண்டலம் பக்கம், சுமார் 31 ஒளி ஆண்டு. நட்சத்திரம் சூரியன்ல 0.12 மடங்கு எடைதான், குறுக்களவு வியாழனைவிட ஒண்ணரை மடங்குகூட வராது. அதைச் சுத்தி குறைஞ்சபட்சம் 0.46 வியாழன் எடைல ஒரு கோள்! சூரியனுக்கும் வியாழனுக்கும் எடைல 1000 மடங்கு வித்தியாசம், இங்க 270 மடங்குதான். யானைக்குப் பக்கத்துல பூனை நின்னா பரவால்ல, இங்க எருமைக்குப் பக்கத்துல பூனை. சுத்தி வர சுமார் 204 நாள், பாதை நல்லா நீண்ட முட்டை வடிவம். சூரியன்-பூமி தூரத்துல மூணுல ஒரு பங்குதான் தள்ளி இருக்கு, ஆனா நட்சத்திரம் அவ்வளவு மங்கல்ங்கிறதால நான் கணக்குப் போட்டப்ப மைனஸ் 175 டிகிரி கிட்ட வந்துச்சு. வெயில் காய வாய்ப்பே இல்ல.

2019ல சயன்ஸ் இதழ்ல வந்த பேப்பர் அது, ஸ்பெயின்ல காலர் ஆல்டோல இருக்கிற 3.5 மீட்டர் டெலஸ்கோப்ல கார்மெனெஸ் கருவி வச்சு, கோளோட இழுப்புல நட்சத்திரம் ஆடுறதை அளந்திருக்காங்க. வியாழன் நம்ம சூரியனை நொடிக்கு 12 மீட்டர் சொச்சம் வேகத்துலதான் ஆட்டுது, இது அதோட நட்சத்திரத்தை 70க்கு மேல ஆட்டுது. இவ்வளவு சின்ன நட்சத்திரத்தோட தட்டுல (நட்சத்திரம் பிறக்கிறப்ப அதைச் சுத்தி இருக்கிற வாயு, தூசு வட்டம்) கல்லு மெதுவா சேந்து கரு உருவாகி அப்புறம் வாயுவை இழுக்கிற வழக்கமான கதை ஓடாது, தட்டே தன் பாரத்துல நொறுங்கிக் கட்டியாகியிருக்கணும்னு அவங்க வாதம். பேப்பருக்கு லிங்க் அந்த வரிசையிலயே இருக்கு, தேடி அலைய வேணாம்.

இந்த சைட் எனக்குப் பிடிச்சதே இதனாலதான், ஒவ்வொரு நம்பரும் எங்கேருந்து வந்துச்சுன்னு மறைக்காம சொல்லும். ரெண்டு டேபிள் இருக்கு. ஒண்ணுல பேப்பருக்கு ஒரு வரிசை, ஒரே கோள் பல தடவை வரும், புதுசா வர்றவங்க குழம்புவாங்க. இன்னொண்ணு காம்போசிட், கோளுக்கு ஒரே வரிசை, பாக்க லட்சணமா இருக்கும் ஆனா பல பேப்பர்லேருந்து பொறுக்கி ஒட்டினது, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாம இருக்கலாம்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. நான் காம்போசிட்ல ஜிஜே 3512 பிக்கு ஆரம் பாத்துட்டு அளந்துட்டாங்கன்னே நம்பிட்டேன். எப்படி அளப்பாங்க? நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனாதானே ஆரம் தெரியும், இவ்வளவு தள்ளி இருக்கிற கோள் நம்ம பார்வைக்குக் குறுக்கே போற வாய்ப்பே 1000ல 2 சொச்சம்தான். அது எடையை வச்சு ஃபார்முலால போட்ட மதிப்பு. எடை நெடுவரிசைக்குப் பக்கத்துலயும் 'எம் சைன் ஐ'ன்னு ஒரு குறிப்பு இருக்கும், அப்படி இருந்தா அது குறைஞ்சபட்ச எடைன்னு அர்த்தம், நெஜ எடை அதுக்கு மேலயும் இருக்கலாம்.

குறைன்னா நெடுவரிசைப் பேருங்கதான், ஏதோ ரகசியக் குறியீடு மாதிரி சுருக்கி வச்சிருக்காங்க, ஹெல்ப் பேஜைப் பக்கத்துல திறந்து வச்சுக்கிட்டாதான் ஓடும். டேபிளும் அகலம், போன்ல பாக்க உகந்தது இல்ல, லேப்டாப்ல உக்காருங்க. 5க்கு 4 குடுக்கிறேன். டேபிளை சிஎஸ்வி ஃபைலா இறக்கி வச்சிருக்கேன், அடுத்து காலியா இருக்கிற பீரியட் கட்டங்களை மட்டும் தனியா எடுத்து அதுல எத்தனை குளிர்ந்த குண்டன் ஒளிஞ்சிருக்குன்னு எண்ணப் போறேன்.