கியாந்தியா, லாங்கேயா, ப்ரொசெக்கோ மலையா? எலக்ட்ரிக் சைக்கிளில் இத்தாலிய ஒயின் நாடு

இத்தாலியில் எலக்ட்ரிக் சைக்கிளில் ஒயின் ஊர்களைச் சுற்றலாமா என்று யார் கேட்டாலும், பேச்சு உடனே ஏற்றத்துக்குப் போய்விடுகிறது. "மேடு அதிகமாமே, நம்மால் முடியுமா?" முடியும். மோட்டார் வந்த பிறகு ஏற்றம் பெரிய விஷயமே இல்லை. யோசிக்க வேண்டியது இறக்கத்தைப் பற்றி. இருபத்தைந்து கிலோ சைக்கிள், அதன் மேல் நீங்கள், உள்ளே இரண்டு கிளாஸ் ஒயின், எதிரே ஒரு கொண்டை ஊசி வளைவு. அந்த இடத்தில் மோட்டார் உதவிக்கு வராது. அதனால் டஸ்கனியின் கியாந்தி, பீட்மான்ட்டின் லாங்கே, வெனெட்டோவின் ப்ரொசெக்கோ மலைகள் ஆகிய மூன்றையும் நான் இறக்கத்தை வைத்துத்தான் எடை போடுகிறேன். முதல் தடவை போகிறவருக்கு என் பதில் லாங்கே. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஐரோப்பிய விதிப்படி இந்த சைக்கிள்களின் மோட்டார் 250 வாட். மிதித்தால்தான் அது வேலை செய்யும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தொட்டால் உதவியை நிறுத்திக்கொள்ளும். இந்த வரம்புக்குள் இருப்பதால்தான் லைசென்ஸ் கேட்பதில்லை. வாடகைக் கடையில் "எண்பது கி.மீ. ஓடும்" என்று சொன்னால் அதைச் சமதளக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பாங்கான ஊரில் எத்தனை கி.மீ. என்பதை விட எத்தனை மீட்டர் ஏறப் போகிறோம் என்பதுதான் கேள்வி. நீங்கள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்து 105 கிலோ என்று வைப்போம். 1,000 மீட்டர் உயரம் ஏற 286 வாட்-மணி ஆற்றல் வேண்டும். மூன்றில் ஒரு பங்கை உங்கள் கால்கள் கொடுத்தாலும், மோட்டாரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 250 வாட்-மணி போய்விடும். பரவலாகக் கிடைக்கும் 500 வாட்-மணி பேட்டரியில் அது சரிபாதி. மிதிப்பதைக் குறைத்து, மோட்டாரை உச்ச அளவில் வைத்து ஏறினால் இன்னும் வேகமாகத் தீரும். பெடலுக்கு நடுவே மோட்டார் உள்ள வகைதான் இங்கே அதிகம் கிடைக்கிறது. அதில் இறங்கும்போது சார்ஜ் திரும்ப ஏறாது.

சொந்த சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, பெட்டியில் போட்டும் அனுப்ப முடியாது. போன இடத்தில் வாடகைக்கு எடுப்பதுதான் வழி.

கியாந்தி: பார்க்க அழகு, இறங்கக் கவனம்

ஃபிளாரன்ஸுக்கும் சியெனாவுக்கும் நடுவே கிடக்கும் குன்றுகள். 1716-லேயே மெடிச்சி வம்சத்து மூன்றாம் கோசிமோ இந்தப் பகுதிக்கு எல்லை வரைந்து ஆணை போட்டிருக்கிறார். பாட்டிலில் கருப்புச் சேவல் முத்திரை இருந்தால் அது கியாந்தி கிளாசிகோ. குறைந்தது 80 சதவீதம் சாஞ்ஜோவேஸே திராட்சை இருந்தாக வேண்டும்.

புகைப்படங்களைப் பார்த்து, கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டம்தான் இருக்கும் என்று பலர் கிளம்புகிறார்கள். உண்மையில் கியாந்தி கிளாசிகோ பகுதியில் பெரும்பகுதி காடு. ஓக் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டே இருப்பீர்கள். திடீரென்று மரங்கள் விலகி ஒரு சரிவு முழுக்கத் திராட்சைக் கொடி வரிசையாக நிற்கும். வெயில் காலத்தில் அந்த நிழல் பெரிய வரம். மற்ற இரண்டு பகுதிகளிலும் அவ்வளவு நிழல் கிடையாது.

சாலைகள் இரண்டு வகை. ஒன்று, கிரெவே, பன்சானோ, காஸ்தெல்லினா வழியாகப் போகும் 222-ஆம் எண் தார்ச்சாலை. கிரெவேயிலிருந்து பன்சானோவுக்கு ஏழு கி.மீ.க்குள் கிட்டத்தட்ட 250 மீட்டர் ஏற வேண்டும். மோட்டாரோடு பேசிக்கொண்டே ஏறிவிடலாம். சனி ஞாயிறில் மட்டும் மோட்டார் பைக்குகள் கூட்டமாகச் சீறிக்கொண்டு போகும். இன்னொன்று, இந்தப் பகுதிக்கே பெயர் வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சரளைப் பாதைகள். அந்தப் பாதைகளைத் தார் போடாமல் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு 1997-இல் கையோலேயில் தொடங்கியதுதான் லெரோய்கா. 1987-க்கு முந்தைய பழைய சைக்கிள்களில் வருகிறவர்களுக்கான ஓட்டம் அது. தொழில்முறை வீரர்கள் ஓடும் ஸ்த்ராதே பியாங்கே பந்தயம் 2007-இல் அதிலிருந்து பிறந்தது.

சரளையில் இறங்குவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கார் டயர் ஓடி ஓடி இரண்டு தடங்கள் இறுகிப்போய் இருக்கும். நடுவிலும் ஓரத்திலும் உதிரிக் கல் குவிந்து கிடக்கும். சைக்கிள் தடத்தில் போகும்வரை சரி. வளைவில் எதிரே ஒரு கார் வருகிறது, ஒதுங்குகிறீர்கள், முன் டயர் உதிரிக் கல்லில் ஏறுகிறது, பயத்தில் கை முன் பிரேக்கை அழுத்துகிறது. டயர் வழுக்கிப் பக்கவாட்டில் போய்விடும். கனமான சைக்கிள் என்பதால் பிடித்து நிறுத்துவதும் கஷ்டம். செய்ய வேண்டியது இதுதான்: வளைவுக்கு முன்னாலேயே நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், பின் பிரேக்கையே அதிகம் நம்ப வேண்டும், உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ள வேண்டும். நல்ல வழிகாட்டி முதல் நாள் காலையில், ஒயின் பக்கமே போகாமல், ஒரு சின்ன சரிவில் இதைப் பழக்கிவிடுவார். அப்படிப் பழக்காமல் நேராகச் சரளையில் இறக்கிவிடுகிறவர் நல்ல வழிகாட்டி இல்லை என்றே சொல்வேன்.

லாங்கே: தூரம் குறைவு, பொறுமை அதிகம்

இத்தாலி ஒன்றுபட்ட 1861-இல் முதல் பிரதமர் காவூர். லாங்கேயின் கிரின்சானே ஊருக்கு இளவயதிலேயே மேயராக இருந்து, அங்கே திராட்சைத் தோட்டங்களைச் சீர்ப்படுத்தியவர். அவர் இறந்ததும் பிரதமரான ரிக்காசோலி, கியாந்தியில் ப்ரோலியோ கோட்டையின் சொந்தக்காரர். கியாந்தி ஒயினுக்கு எந்தத் திராட்சை எவ்வளவு என்று வகுத்துக் கொடுத்தவர். ஆக இந்த இரண்டு பகுதிகளின் போட்டி அப்போதே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

லாங்கேயை நான் முன்னால் வைப்பதற்கு முதல் காரணம் தூரம். பரோலோ, லா மோர்ரா, மோன்ஃபோர்த்தே, செர்ரலுங்கா ஆகியவை ஒன்றுக்கொன்று சில கி.மீ. தள்ளிக் குன்று உச்சிகளில் உட்கார்ந்திருக்கும் ஊர்கள். பரோலோவிலிருந்து லா மோர்ராவுக்கு ஐந்து கி.மீ. அளவுதான், ஆனால் 200 மீட்டர் ஏற்றம். லா மோர்ரா முற்றத்தில் நின்றால் கீழே பரோலோ மண்டலம் மொத்தமும் விரிந்து கிடக்கும். ஒரே ஊரில் அறை எடுத்துவிட்டு, தினமும் ஒரு திசையில் போய்த் திரும்பலாம். பெட்டி படுக்கையைத் தினமும் கட்ட வேண்டியதில்லை. கியாந்தியில் ஃபிளாரன்ஸிலிருந்து சியெனா வரை எழுபது கி.மீ. நீட்டிப் போகிற திட்டங்கள்தான் அதிகம். சாமான் வேன் பின்னால் வந்தாக வேண்டும்.

இரண்டாவது காரணம் சாலை. பெரும்பாலும் தார், இரண்டு பக்கமும் தோட்டம், வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிற வண்டி முன்கூட்டியே தெரியும். காடு குறைவு என்பதால் நிழல் இல்லை என்று குறைபட்டேன் அல்லவா, அதே காரணத்தால் இறக்கத்தில் பார்வைக்குத் தடையும் இல்லை. ஒரு எச்சரிக்கை: மழை பெய்த மறுநாள் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் பாதையில் இறங்காதீர்கள். பரோலோ ஒயின் செய்யும் நெப்பியோலோ திராட்சைக்கு உயிர் கொடுக்கும் அந்தச் சாம்பல் நீலக் களிமண், டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும்.

மூன்றாவது, சுவைப்பது. இங்கேதான் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் முழுசாகத் திரும்ப வருகிறது. பரோலோ ஒயின் 38 மாதம் பக்குவப்பட வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில்; இதே பகுதியின் பார்பரெஸ்கோ ஒயினுக்கு 26 மாதம், மரத்தில் 9. பல ஒயின் கிடங்குகள் (அந்த ஊர்க்காரர்கள் காந்தினா என்பார்கள்) குடும்பமாக நடத்துவது. முன்கூட்டிப் பேசாமல் போனால் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள், கதவு திறக்காது. வழிகாட்டி கூப்பிட்டுச் சொல்லியிருந்தால், அந்த வீட்டுக்காரரே வந்து பீப்பாய் வரிசைக்குள் கூட்டிப்போவார். ஒரே திராட்சை, பக்கத்துப் பக்கத்துச் சரிவு, ஆனால் ஒன்று மிருதுவாகவும் இன்னொன்று நாக்கைப் பிடித்து இழுப்பதாகவும் இருப்பதை அடுத்தடுத்து ஊற்றிக் காட்டுவார். லா மோர்ரா சரிவுக்கும் செர்ரலுங்கா சரிவுக்கும் உள்ள அந்த வித்தியாசத்தைக் காலையில் மிதித்துக் கடந்துவிட்டு மதியம் நாக்கில் உணர்வது, வேறு எந்த வாகனத்தில் போனாலும் கிடைக்காத சுகம். முன்பதிவு எதுவும் கையில் இல்லையென்றால் பரோலோ கோட்டையிலும், பார்பரெஸ்கோவில் பழைய தேவாலயக் கட்டடத்திலும் உள்ள வட்டார ஒயின் கூடங்களுக்குப் போகலாம்.

கிளாஸ் பக்கத்தில் ஒரு துப்பும் பாத்திரம் வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும். பரோலோ குறைந்தது 13 சதவீதம். இரண்டு இடத்தில் சுவைத்துவிட்டு மதியச் சாப்பாட்டோடும் ஒரு கிளாஸ் எடுத்தால் ஒல்லியான ஆள் அந்த வரம்பை எளிதாக நெருங்கிவிடுவார். நன்றாகத் திட்டமிட்ட சுற்றில் நீண்ட இறக்கமெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். மதியத்துக்கு மேல் ஏற்றமும், அறைக்குப் பக்கத்திலேயே கடைசிச் சுவைப்பும் இருக்கும். சுற்று நடத்துகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: கடைசி ஒயினுக்கும் அறைக்கும் நடுவே எத்தனை மீட்டர் இறக்கம்?

ப்ரொசெக்கோ மலை: இரண்டு நாள் போதும்

கொனெல்யானோவிலிருந்து வல்தொபியாதெனே வரை நீளும் இந்தக் கூர்முதுகுக் குன்றுகள் 2019-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. லாங்கே 2014-லேயே சேர்ந்துவிட்டது. வெனிஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் கொனெல்யானோ. இந்த வசதியில் மற்ற இரண்டும் கிட்டே வராது. ஒயினும் லேசானது, பெரும்பாலும் 11 சதவீத ஆல்கஹால், குமிழியோடு சில்லென்று வரும்.

ஆனால் சரிவு செங்குத்து. அறுவடையைக் கையால்தான் செய்ய முடியும் என்கிற அளவுக்குச் செங்குத்து. கா தெல் போஜ்ஜோ என்ற ஏற்றம் ஒரு கி.மீ.க்குச் சற்று அதிகம்தான். சில இடத்தில் சரிவு 19 சதவீதம். 2020 ஜிரோ த இத்தாலியா சைக்கிள் பந்தயத்தில் கொனெல்யானோவிலிருந்து வல்தொபியாதெனே வரை ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டி போடும் ஓட்டம் வைத்தபோது அதில் இந்த ஏற்றத்தையும் சேர்த்தார்கள். ஏறுவது மோட்டார் பாடு. அதே மாதிரியான குறுகிய சாலைகளில் இறங்குவது நம் பாடு. கார்தித்ஸே எனப்படும் 107 ஹெக்டேர் சரிவுதான் இங்கே மணிமகுடம். அதை மெதுவாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, ரெஃப்ரோந்தோலோவின் பழைய நீர் ஆலை வரை போய்வந்தால் மனசு நிறைந்துவிடும். வெனிஸ் போகிறவர்கள் கூடுதலாக இரண்டு நாள் ஒதுக்கலாம். ஒரு வாரம் இதற்கே என்றால் எனக்கு அதிகமாகப் படுகிறது.

வழிகாட்டி வேண்டுமா?

லாங்கேயில் வேண்டும், கதவுகளைத் திறக்க. கியாந்தியில் முதல் ஒன்றிரண்டு நாள் போதும். சரளை பழகிய பிறகு போனில் வழி பார்த்துக்கொண்டு தனியாகப் போகலாம், முன்பதிவு இல்லாமல் போனாலும் சுவைக்கக் கொடுக்கும் கடைகள் வழியெங்கும் உண்டு. ப்ரொசெக்கோவில் ஒரு நாள் சுற்று எடுத்தால் சரி. வேனோடு கூடிய ஒரு வார வழிகாட்டிச் சுற்றுக்கு, தனியாகப் போவதை விடப் பணம் பல மடங்கு ஆகும். ஆனால் அந்த வேனில் உபரி பேட்டரி இருக்கிறது, பங்க்சர் பார்க்க ஆள் இருக்கிறது, வாங்கிய பாட்டில் பத்திரமாக ஏறுகிறது, களைத்துப்போனவரும் ஏறிக்கொள்ளலாம். வீட்டில் ஒருவர் நன்றாக ஓட்டுவார், இன்னொருவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை என்றால் அந்தப் பணம் வீண்போகாது.

அப்புறம் சாப்பாடு. சைவக்காரர்களுக்குக் கியாந்தி எளிது: பீன்ஸும் கீரையும் பழைய ரொட்டியும் சேர்த்துக் கொதித்த ரிபொல்லிதா, தக்காளி ரொட்டிக் கூழ், பூண்டுத் தக்காளிச் சாறில் பிச்சி பாஸ்தா. லாங்கேயில் முட்டை சாப்பிடுகிறவர் வெண்ணெயில் புரட்டிய தயாரின் நூல் பாஸ்தாவில் பிழைத்துக்கொள்வார். பாஞ்ஞா காவுதா என்ற காய்கறித் தொடுகறியில் நெத்திலி வகை மீன் இருக்கும், கேட்டு வாங்குங்கள். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்று நொதி சேர்வதையும் கறாரான சைவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ப்ரொசெக்கோ பக்கம் பொலெந்தா என்ற மக்காச்சோளக் களி, காளான், த்ரெவீஸோவின் சிவப்பு ரதிக்கியோ கீரை.

எப்போது போவது? மூன்றுக்கும் மே மாதமும் செப்டம்பரும் நல்லவை. ஆகஸ்ட் நடுவில் இத்தாலியே விடுமுறைக்குப் போய்விடும், வெயிலும் தாங்காது. ப்ரொசெக்கோ அறுவடை செப்டம்பரில், நெப்பியோலோ அறுவடை பெரும்பாலும் அக்டோபரில். அக்டோபரில் லாங்கேயின் அல்பா நகரில் வெள்ளை ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானுக்குச் சந்தை கூடுவதால் வார இறுதி அறைகள் சீக்கிரம் தீர்ந்துபோகும், சாலையில் காரும் பெருகும். திங்கள் முதல் வெள்ளி வரை திட்டமிடுங்கள். நவம்பரை நெருங்கினால் காலையில் மூடுபனி பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு நிற்கும், பொழுதும் சீக்கிரம் சாய்ந்துவிடும். ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டினால் ஒளிரும் மேலங்கி போட்டிருக்க வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். வாடகைக்கு எடுக்கும்போதே விளக்கோடு அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.