7805ஐயே வைத்துக்கொள்வதா, பக் மாட்யூலுக்கு மாறுவதா? அப்பாவின் ரேடியோ கேட்ட கேள்வி

அப்பாவின் ரேடியோ இருபது நிமிடம்தான் பாடும். அதற்குப் பிறகு கடிகாரத்தின் சிவப்பு எண்கள் மங்கும், மின்னல் எஃப்எம்மில் பாட்டு விக்கும், வைஃபை சிப் தன்பாட்டுக்கு அணைந்து மறுபடி எழும். அணைத்துவிட்டுப் போய்ப் பசியாறிவிட்டு வந்து போட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். "நீ செஞ்ச சாமானுக்கும் எனக்கு ஆன மாதிரி வயசாயிடுச்சுடா" என்றார் அப்பா.

பெட்டியை நான்தான் செய்தேன். அப்பாவுக்குக் கண் மங்கல் என்பதால் உள்ளங்கை அளவு எல்இடி எண்கள், நேரத்தை இணையத்திலிருந்து எடுக்க ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப், ஒரு எஃப்எம் ட்யூனர் துண்டு, சின்ன ஆம்ப்ளிஃபையர். எல்லாம் சேர்ந்து 5 வோல்ட்டில் ஏறக்குறைய 0.7 ஆம்பியர் இழுக்கும். மின்சாரம் வரும் வழி பழைய பாணி: 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு டயோடு, 2200 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர், கடைசியில் வோல்ட்டை 5இல் நிறுத்திவைக்கும் 7805 என்ற ரெகுலேட்டர் சிப். மேசை மேல் திறந்து கிடந்தபோது நாள் முழுக்க ஓடியது. மூடியைப் போட்டுத் திருகை இறுக்கிய அன்றுதான் தகராறு தொடங்கியது.

பத்துமலைப் பக்கம் லாரிப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் கதையைக் கேட்டவுடன் சொன்னான்: "அண்ணே, அந்தக் கிழட்டு 7805ஐத் தூக்கிப் போடுங்க. பக் மாட்யூல் ஒண்ணு அஞ்சாறு வெள்ளி. சூடே இல்ல." பக் மாட்யூல் என்பது வேகமாகத் திறந்து மூடி வோல்ட்டைக் குறைக்கும் சின்னப் பலகை. அவன் சொன்னது பொய்யில்லை. இருந்தும் நான் 7805ஐத்தான் வைத்துக்கொண்டேன். ஏன் என்பதற்கு முன், சுமை, அதாவது இழுக்கும் மின்சாரம், ஏறும்போது ரெகுலேட்டர் ஏன் விழுகிறது என்று பார்த்துவிட வேண்டும். அது தெரியாமல் எதை மாற்றினாலும் குருட்டடிதான்.

7805 போல மிச்ச வோல்ட்டைச் சூடாக எரிக்கும் லீனியர் ரெகுலேட்டருக்குச் சுமையில் வரும் நோய் பெரும்பாலும் இரண்டு. ஒன்று பசி, மற்றொன்று காய்ச்சல். சுமையைக் கொடுத்த உடனேயே வோல்ட் விழுந்தால் பசி: உள்ளே போகும் மின்னழுத்தம் போதவில்லை. நேரம் போய்ப் போய் விழுந்து, ஆறினால் எழுந்தால் காய்ச்சல்: சிப் சூடேறித் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது. இந்தத் தற்காப்பைச் சிப்புக்குள்ளேயே வைத்தது 1970 வாக்கில் பாப் விட்லர் நேஷனல் செமிகண்டக்டரில் வடிவமைத்த எல்எம்109. 5 வோல்ட், 1 ஆம்பியர், மூன்றே முனை. 7805 சேர்ந்த 78 வரிசையும் அதே வழியில் வந்ததுதான். அதனால் சூட்டில் 7805 எளிதில் சாகாது, மயங்கி விழும். (அதே நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் பினாங்குக்கும் வந்தது. பாயான் லெப்பாஸ் ஆலைகளில் நுண்ணோக்கியில் கண் வைத்து வேலை செய்த சித்திகள், அத்தைகள் நம் குடும்பங்களில் நிறைய உண்டு.)

பசியைக் கண்டுபிடிப்பதில் மல்டிமீட்டர் ஏமாற்றும். அது சராசரியைத்தான் காட்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டயோடுகளுக்குப் பிறகு கெப்பாசிட்டர் நொடிக்கு நூறு தடவை நிரம்பி வடிகிறது. மீட்டர் 8 வோல்ட் என்று சாந்தமாகச் சொல்லும், வடியும் நேரத்தில் அது 6.5க்கு இறங்கியிருக்கும். 7805க்கு 1 ஆம்பியர் சுமையில் தலைக்கு மேல் 2 வோல்ட் வேண்டும், அதாவது 7 வோல்ட்டுக்குக் கீழே ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு இறங்கினாலும் அந்தப் பள்ளம் 5 வோல்ட் பக்கம் எட்டிப் பார்க்கும். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று கேட்பது அதுதான். அலைவடிவம் பார்க்கும் கருவி இல்லாதவர்கள் மீட்டரை ஏசி பக்கம் திருப்பி உள்முனையில் அளந்து, வந்த எண்ணை மூன்றரையால் பெருக்கினால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய கிடைக்கும். அளப்பதைச் சுமையோடு அளக்க வேண்டும். சுமையில்லாமல் அளந்தால் எல்லா ரெகுலேட்டரும் உத்தமர்தான்.

என் பெட்டிக்குப் பசியில்லை, காய்ச்சல்தான். கணக்கு நேரானது. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரின் ஏசி அலை உச்சி 17, டயோடுகள் 1.4 தின்றால் 15.6, கெப்பாசிட்டர் நிரம்பி வடியும் அலைச்சல் போகச் சராசரி 14.5. அதில் 5 போக மிச்சம் 9.5 வோல்ட்டை 0.7 ஆம்பியரோடு பெருக்கினால் 6.6 வாட். இத்தனையும் சுண்டுவிரல் நகம் அளவு உலோகத்தில் சூடாக வெளியேற வேண்டும். நான் போட்டிருந்த ஹீட்சிங்க், அதாவது சூட்டை வெளியே தள்ளும் உலோகத் தகடு, வாட்டுக்கு 10 டிகிரி ஏறும் ரகம். சிப்பின் உள்ளிருந்து அதன் முதுகுத் தகடு வரை 5 டிகிரி, பசைக்கு 1. மொத்தம் 16. அதை 6.6ஆல் பெருக்கினால் 105 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். இது அறை வெப்பத்தின் மேல் ஏறும் அளவு.

அந்த அறை வெப்பத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியூர்ப் புத்தகங்களில் கணக்கை 25 டிகிரியிலிருந்து தொடங்குவார்கள். செந்தூலில் மத்தியான நேரத்தில் அப்பாவின் அறை 31, 32. மேசையில் திறந்து கிடந்தபோது சிப்பின் உள்ளே 137 இருந்திருக்கும். விதிப்படி 125க்கு மேல் போகக்கூடாது, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. மூடிய பெட்டிக்குள் காற்றே 42 ஆனது, உள்ளே 147, 148. அங்கே சிப் கையை விரித்துவிட்டது. மேசையில் ஓடியது பெட்டியில் ஏன் ஓடவில்லை என்று இரண்டு வாரம் ஈயப்பற்றை எல்லாம் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். பத்து டிகிரி வித்தியாசம், அவ்வளவுதான்.

இங்கேதான் நண்பனின் மாட்யூல் கம்பீரமாக நுழைகிறது. எல்எம்2596 வைத்த பக் மாட்யூல் மிச்ச வோல்ட்டைச் சூடாக எரிப்பதில்லை. நொடிக்கு ஒன்றரை லட்சம் தடவை திறந்து மூடி, சுருள் வழியாக 5ஆக மாற்றித் தருகிறது. திறன் 80 விழுக்காடு என்று வைத்தால்கூட என் பெட்டியில் வீணாவது 1 வாட்டுக்கும் குறைவு. ஹீட்சிங்க் வேண்டாம். போட்டுப் பார்த்தேன், பெட்டி ஜில்லென்று இருந்தது. ஆனால் சன்னமாக வரும் நிலையங்களில் மண் கொட்டுவது போல ஓர் இரைச்சல் சேர்ந்தது. வேகமாகத் திறந்து மூடும் எந்தச் சுற்றும் தானும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம்தான், ட்யூனரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால் கேட்காமல் என்ன செய்யும்? ஃபெரைட் வளையம் ஒன்றைக் கம்பியில் மாட்டினேன், கொஞ்சம் குறைந்தது. உலோகத் தகட்டால் மூடி, வடிகட்டிச் சுருள் சேர்த்து ஒழுங்காகச் செய்திருந்தால் முழுதாகப் போயிருக்கலாம். நான் இரண்டு மாலை மட்டுமே மல்லுக்கட்டினேன், ஆகவே மாட்யூலின் மேல் கடைசித் தீர்ப்பு எழுத எனக்கு உரிமையில்லை.

இரைச்சலைவிட என்னை உறுத்தியது அதன் மேலிருக்கும் நீலத் திருகுப் பெட்டி. வோல்ட்டைச் சரிசெய்யும் அந்தத் திருகின் உள் தொடர்பு விட்டுப்போனால், சிப் 'வோல்ட் குறைகிறது' என்று நினைத்து முழுதாகத் திறந்துவிடும். 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 14 வந்து நிற்கும். எனக்கு அப்படி நடக்கவில்லை. 7805ம் உடைந்தால் இரு முனையும் ஒட்டி அதே வேலையைச் செய்யக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது அசையும் பாகம் இல்லாத சாமான். எழுபது வயதுக்காரரின் தலைமாட்டில் நாள் முழுக்க ஓடப் போகிற பெட்டிக்கு நான் அசையாததைத் தேடினேன்.

'குறைந்த டிராப்அவுட் ரெகுலேட்டர் போட்டால் சூடு குறையும்' என்று ஒரு பேச்சும் உண்டு. குறையாது. எல்எம்2940 அரை வோல்ட் இடைவெளியில் ஓடும், உண்மை. ஆனால் உள்ளே 14.5 கொடுத்தால் அதே 6.6 வாட்தான். அது பசிக்கு மருந்து, காய்ச்சலுக்கு அல்ல. போதாக்குறைக்கு வெளிமுனையில் 22 மைக்ரோஃபேரட்டாவது வேண்டும், அதுவும் கொஞ்சம் உள்தடை உள்ள ரகமாக. வெறும் செராமிக் கெப்பாசிட்டர் போட்டால் வெளிவோல்ட் ஆடத் தொடங்கும்.

ஆக, நான் செய்தது ரெகுலேட்டரைத் தொடாமல் அதன் முன்னால் நிற்பதை மாற்றியதுதான். முதல் முயற்சியில் பேராசை. ரயிலேறிப் புடு போய் ஜாலான் பசாரில் 6 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வந்தேன். உச்சி 8.5, டயோடு போக 7.1. அலைச்சல் அதிலிருந்து இரண்டு, மூன்று வோல்ட் தின்றது. காய்ச்சல் போய்ப் பசி வந்தது: பெட்டி கல்லாய்க் குளிர்ந்திருக்க, ஸ்பீக்கர் வண்டாய் ரீங்கரித்தது. மறுபடி போனபோது கடைக்காரத் தவுக்கே என் முகத்தைப் பார்த்தே சிரித்தார்.

9 வோல்ட்டில்தான் இரண்டுக்கும் நடுவே வழி கிடைத்தது. உச்சி 12.7, டயோடு போக 11.3. கெப்பாசிட்டரை 4700க்கு உயர்த்தியதில் அலைச்சல் ஒன்றரை வோல்ட்டுக்குள் அடங்கியது, பள்ளம் 9.8. மின்சாரம் 230லிருந்து ஆறு விழுக்காடு குறைந்தாலும் 9 இருக்கும், 7க்கு மேல் நல்ல இடைவெளி. சராசரி 10.5, வீணாவது 3.9 வாட். பதினாறால் பெருக்கினால் 62, மூடிய பெட்டியின் 42ஐச் சேர்த்தால் 104. விதிக்குள் வந்தாயிற்று. அடியிலும் மேலிலும் துளைகள் போட்ட பிறகு உள்காற்று இன்னும் சில டிகிரி இறங்கியது. ஹீட்சிங்கில் விரல் வைத்தால் பொறுக்காது, அது வழக்கமானதுதான், பயப்பட வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 0.7 ஆம்பியர் சுமைக்கு 0.7 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் போதாது. கெப்பாசிட்டர் உச்சியில் மட்டும் விழுங்கி விழுங்கி நிரப்பிக்கொள்வதால் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு ஓடும். நான் 1.5 ஆம்பியர் எடுத்தேன்.

டிரான்ஸ்ஃபார்மரை மாற்ற வழியில்லாதவர்கள் 7805க்கு முன் 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டுச் சூட்டில் மூன்றில் ஒரு பங்கை அதன் தலையில் கட்டலாம். சூடு பெட்டியை விட்டுப் போகாது, இடம்தான் மாறும். ரெசிஸ்டரைப் பெட்டிக்கு வெளியே வைக்க முடிந்தால் பலன் உண்டு. முனைகளுக்குப் பக்கத்திலேயே உள்ளே 0.33, வெளியே 0.1 மைக்ரோஃபேரட் போடுவதை யாரும் விட்டுவிட வேண்டாம். இன்னொரு சௌகரியம்: 7805இன் முதுகுத் தகடு கிரவுண்ட் என்பதால் உலோகப் பெட்டியின் சுவரிலேயே நேராகத் திருகிவிடலாம். அந்தப் பழக்கத்தில் எல்எம்317 என்ற இன்னொரு ரெகுலேட்டரைத் திருகினால் வெளிமுனை பெட்டியோடு ஒட்டும், மைனஸ் 5 வோல்ட் தரும் 7905 என்றால் உள்முனை.

செலவில் மாட்யூல்தான் வெற்றி. எனக்கு டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு வாங்கியதிலேயே ஐம்பது வெள்ளி போயிற்று. மின்கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை: 3.9 வாட் மாதம் முழுக்க எரிந்தாலும் 3 யூனிட்டைத் தொடாது.

இதே சுமை லாரியில் என்றால் நான் வாயைத் திறக்கவே மாட்டேன். எஞ்சின் ஓடும்போது 28 வோல்ட், அதிலிருந்து 5க்கு இறக்கினால் 7805 பதினாறு வாட் எரிக்க வேண்டும். அங்கே பக் மாட்யூலைத் தவிர வேறு பேச்சில்லை. நான் கழற்றி வைத்த மாட்யூலை நண்பன் போன வாரம் வந்து எடுத்துப் போய்விட்டான், டேஷ்போர்டில் போன் சார்ஜ் போட. பதிலுக்கு ஒரு பை ரம்புத்தான் கொடுத்தான்.

அப்பாவின் பெட்டி ஆறு மாதமாக அணைக்கப்படாமல் ஓடுகிறது. மேல்துளைகளின் வெதுவெதுப்புக்கு ஒரு பல்லி தினமும் வந்து படுக்கிறது. எலுமிச்சைத் தோல் வைத்தும் போகவில்லை, அடுத்த வாரம் கம்பி வலை ஒட்ட வேண்டும்.