சாயம் போகாத ரோஜா நிறச் சட்டை: காதர்பேட்டையில் கிடைக்கும் பழைய பாணிக் கால்பந்து உடைகள்

திருப்பூர் காதர்பேட்டையில், ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன்களைக் குவித்து விற்கும் கடைகளுக்கு நடுவே, பெயர்ப்பலகை இல்லாத ஒரு மாடிக் கடையில் இரண்டு கால்பந்துச் சட்டைகள் கொண்ட பொதி ஒன்றை 900 ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்று வெளிர் ரோஜா நிறம். மற்றொன்று கறுப்பு வெள்ளைச் செங்குத்துப் பட்டை. இத்தாலியின் யுவென்டஸ் கழகம், கால்பந்து அங்கே சம்பள ஆட்டமாக மாறுவதற்கு முந்தைய காலத்தில் அணிந்த உடைகளின் பாணியில் இவை தைக்கப்பட்டுள்ளன. சின்னமோ விளம்பரமோ கிடையாது. கழுத்துப் பட்டியின் உட்புறத்தில் 1898, 1903 என்ற ஆண்டுகள் மட்டும் நூலில் பொறிக்கப்பட்டுள்ளன. பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பல ஆண்டுகள் கழித்தவன் என்பதால், எந்தச் சட்டையையும் முதலில் உட்புறம் திருப்பிப் பார்த்துவிட்டே போட்டுக்கொள்வேன். இந்த மதிப்புரையும் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கிறது.

ரோஜா நிறச் சட்டையின் கதை திருப்பூர்க்காரர்களுக்கு எவரும் விளக்காமலே புரியக்கூடியது. 1897ஆம் ஆண்டு டுரின் நகரப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய அந்தக் கழகம், முதலில் பெர்கேல் எனப்படும் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் ரோஜா நிறச் சட்டைகளை அணிந்து ஆடியது. துவைக்கத் துவைக்கச் சாயம் வெளுத்துப்போகவே, 1903இல் புதிய சட்டைகள் தேவைப்பட்டன. அணியில் இருந்த ஜான் சாவேஜ் என்ற ஆங்கிலேயர் நாட்டிங்ஹாமில் வசித்த தம் நண்பருக்கு எழுதிக் கேட்க, அந்த ஊரின் நாட்ஸ் கவுண்டி கழகத்து ஆதரவாளரான அவர் அனுப்பிவைத்தவை கறுப்பு வெள்ளைப் பட்டைச் சட்டைகள். அன்று முதல் அந்தக் கழகத்தின் அடையாளமே அந்த இரு நிறங்கள் ஆகிவிட்டன. நிற்காத சாயத்தால் லாட் முழுவதும் திரும்பி வந்து நட்டப்பட்டவர்களை நம் ஊரில் நிறையப் பேருக்குத் தெரியும். அதே குறையால் உலகப் புகழ் பெற்ற ஒரு நிறம் பிறந்தது வேடிக்கைதான்.

ஆனால் நான் வாங்கிய சட்டையின் சாயம் அசையவே இல்லை. உப்புச் சுவை ஏறிய போர் தண்ணீரில் ஆறு முறை துவைத்து, மொட்டைமாடி வெயிலில் உலர்த்தி, ஈரத்தோடு வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்தும் பார்த்தேன். கைக்குட்டையில் கறை படியவில்லை. சாயம் போகாததை ஒரு குறையாக எழுத நேரும் என்று நான் எண்ணியதில்லை என்றாலும், பழைய பாணி என்று சொல்லி விற்கும் சட்டை இவ்வளவு புதிதாகவே இருப்பது சற்று ஏமாற்றந்தான். இன்னொரு முரண், அன்றைய சட்டை தறியில் நெய்த துணி, இது பின்னல் துணி. காலர் விறைப்பாக நிற்காமல் இரண்டாவது சலவையிலேயே நுனி சுருண்டுகொண்டதற்கும் அதுவே காரணம். விளையாடுவதற்கு, நியாயமாகச் சொன்னால், பின்னல் துணியே சுகம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் அக்குளில் இழுக்கவில்லை, ஓவர்லாக் தையல் எங்கும் உரசவில்லை.

கறுப்பு வெள்ளைச் சட்டையில்தான் உண்மையான கோளாறு இருக்கிறது. வட்டப் பின்னல் எந்திரத்தில் நிற நூல்களை மாற்றி மாற்றி ஊட்டினால் எளிதில் கிடைப்பது படுக்கைப் பட்டை. தறியிலோ நீளவாக்கு நூலான பாவில் கறுப்பும் வெள்ளையுமாக நூலை ஓட்டிவிட்டால் நெட்டுப் பட்டை தானாக வந்துவிடும். பின்னலில் நெட்டுப் பட்டை வேண்டுமானால் நிறத்தைக் கண்ணி கண்ணியாக மாற்றிப் பின்னும் ஜக்கார்டு எந்திரத்தில் ஓட்ட வேண்டும், அல்லது பிரிண்ட் அடிக்க வேண்டும், அல்லது படுக்கைப் பட்டைத் துணியைத் திருப்பிப் போட்டு வெட்ட வேண்டும். இந்தச் சட்டையில் மூன்றாவது வழியைக் கையாண்டிருக்கிறார்கள். உட்புறம் திருப்பிக் கண்ணிகளின் ஓட்டத்தைப் பார்த்தாலே அது தெரிந்துவிடுகிறது. பின்னல் துணி அகலவாக்கில் தாராளமாக இழுபடும், நீளவாக்கில் குறைவாகவே இழுபடும், துவைத்தால் நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். துணியைத் திருப்பி வெட்டும்போது இவையெல்லாம் தலைகீழாகிவிடுகின்றன. மூன்று சலவைக்குள் மார்புச் சுற்றளவு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைந்தது; பந்தைத் தலைக்கு மேல் தூக்கி எறியும்போது முதுகு பிடிக்கிறது. பக்கத் தையலில் பட்டைகளை அழகாகப் பொருத்திய அந்த டெய்லரின் உழைப்பு கட்டிங் மேசையில் செய்த சிக்கனத்தால் வீணாகியிருக்கிறது.

சட்டையோடு வரும் அட்டையில் இரண்டு தவறுகள் உள்ளன. ரோஜா நிறச் சட்டை 1898இன் முதல் தேசியப் போட்டியில் ஆடியது என்கிறது அட்டை. அந்தப் போட்டி 1898 மே 8 அன்று டுரினில் ஒரே நாளில் நடந்து முடிந்தது. ஆடிய நான்கு அணிகளில் மூன்று டுரினைச் சேர்ந்தவை, வென்றதோ வெளியூரிலிருந்து வந்த ஜெனோவா. காலையில் அரையிறுதி, மாலையில் இறுதி என்று நம் ஊர்களில் பொங்கலுக்கு நடத்தும் போட்டிகளைப் போலத்தான் ஒரு நாட்டின் முதல் பருவம் முடிந்திருக்கிறது. யுவென்டஸ் அதில் ஆடவில்லை. 1900இல்தான் நுழைந்தது, முதல் ஆட்டத்திலேயே சொந்த ஊர் அணியிடம் தோற்று வெளியேறியது. இரண்டாவது தவறு, 1903இல் பட்டம் வென்றது என்பது. அன்றைய முறைப்படி முந்தைய ஆண்டின் வெற்றியாளரான ஜெனோவா மற்ற ஆட்டங்களில் இறங்காமல் இறுதிக்காகக் காத்திருந்தது. ஒவ்வோர் அணியாக வென்று அங்கு வந்து சேர்ந்த யுவென்டஸ் ஏப்ரல் 13 அன்று 3-0 என்று தோற்றது. 1904 இறுதியிலும் அதே ஜெனோவாவிடம் தோல்விதான். முதல் பட்டம் 1905இல் கிடைத்தது. தோற்ற ஆண்டின் சட்டை என்று அச்சிட்டால் விற்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

ரோஜா நிறத்தை வழக்கமான அளவிலேயே வாங்கலாம். பட்டைச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுத்து, மைதானத்தில் இறங்காமல் வெளியே போடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். அளவு மாற்றித் தருவதில் கடைக்காரர் தயங்கவில்லை. துணியைத் திருப்பி வெட்டியதைச் சுட்டிக்காட்டியபோது மறுக்கவும் இல்லை. “அடுத்த லாட்டு ஜக்கார்டுல ஓட்டச் சொல்லியிருக்குதுங்கண்ணா, அட்டையும் மாத்திப் போட்டர்லாமுங்க” என்றார். ரசீதின் பின்புறத்தில் 1905 என்று எழுதிக் கொடுத்தேன். ரோஜா நிறத்தை மட்டும் தனியாகக் கேட்டால் தருவதற்கு அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.