இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை: தென்சென்னை மருத்துவமனை ஒன்றில் இரத்தத்தைக் கையாண்ட விதம்

முதியவர்களின் இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள் சென்னையில் ஏராளம். 82 வயதான என் அம்மாவை நாங்கள் சேர்த்த இந்த மருத்துவமனையை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம், இரத்த இழப்பைக் குறைப்பதற்கும் தேவையின்றி இரத்தம் ஏற்றாமல் இருப்பதற்கும் அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறை.

முதலில் வீட்டருகே உள்ள நர்சிங் ஹோமுக்குத்தான் சென்றோம். அம்மா இதயத்துக்காக ஈகோஸ்பிரின் என்ற ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடுவதால் அதை நிறுத்தி ஐந்து நாள் காத்திருக்க வேண்டும் என்றும், இரத்தம் கொடுக்க மூன்று பேரைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்றும் அங்கே சொன்னார்கள். இங்கிருந்த மயக்க மருந்து நிபுணரோ, ஆஸ்பிரினுக்காக மட்டும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, படுக்கையிலேயே கிடந்தால் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் வரக்கூடும் என்று விளக்கி, மறுநாள் காலையிலேயே நேரம் ஒதுக்கினார். இத்தகைய முறிவுக்கு 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துவிடுவது நல்லது என்பதே மருத்துவ வழிகாட்டுதல்களின் பொதுவான கருத்து.

சேர்த்தபோது 11.2 கிராமாக இருந்த ஹீமோகுளோபின், கத்தி படுவதற்கு முன்பே 9.6 ஆகிவிட்டிருந்தது. வெளியே ஒரு சொட்டு இரத்தம்கூடச் சிந்தாத நிலையில் இது எப்படி என்று கேட்டபோது, மருத்துவர் போர்வையை விலக்கி, முழங்கால் வரை கருநீலம் பாய்ந்து வீங்கியிருந்த தொடையைக் காட்டினார். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி மூட்டு உறைக்குள்ளேயே முறிந்தால் கசியும் இரத்தம் ஓரளவு அங்கேயே அடங்கிவிடும் என்றும், அம்மாவுக்கு உறைக்கு வெளியே, கழுத்துக்குக் கீழே முறிந்திருப்பதால் அது தசைகளுக்குள் பரவுகிறது என்றும், சலைன் ஏற்றியதில் இரத்தம் நீர்த்துப்போனதும் இந்தக் குறைவுக்கு ஒரு பகுதிக் காரணம் என்றும் பொறுமையாகச் சொன்னார்.

பக்கவாதம், கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பு, வலிப்பு ஆகியவை முன்பு வந்ததுண்டா என்று விசாரித்த பிறகு, அறுவை தொடங்கும் முன் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் நரம்பு வழியே செலுத்தினார்கள். உடல் உறையவைத்த இரத்தத்தை உடலே மீண்டும் கரைத்துவிடாமல் தடுக்கும் மருந்து இது. ஜப்பானைச் சேர்ந்த ஒகமோட்டோ தம்பதியர் கண்டறிந்தது. மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு உள்ள பெண்கள் பலருக்கு மாத்திரையாக அறிமுகமானதும்கூட. உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவது தாமதமாகும் என்பதால், தியேட்டரில் வெப்பக் காற்று ஊதும் போர்வையும் போர்த்தியிருந்தார்கள்.

அறுவை முடிந்த மறுநாள் ஹீமோகுளோபின் அளவு 8.4. உறவினர்கள் அனைவரும் உடனே இரத்தம் ஏற்றச் சொல்லி வற்புறுத்தினார்கள். மருத்துவர் அசையவில்லை. இதய நோயோ அதற்கான அபாயமோ உள்ள 2,000-க்கும் மேற்பட்ட இடுப்பெலும்பு நோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், 10 கிராமுக்குக் கீழே போனதுமே ஏற்றியவர்களுக்கும், 8-க்குக் கீழே போனாலோ அறிகுறிகள் தோன்றினாலோ மட்டும் ஏற்றியவர்களுக்கும் இடையே, இறப்பிலோ 60 நாள் கழித்து நடக்கும் திறனிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதை அவர் எடுத்துச் சொன்னார். அதற்கடுத்த நாள் 7.8-க்கு இறங்கி, உட்கார வைத்தபோது அம்மாவுக்குத் தலைசுற்றலும் வந்ததால், அவராகவே இரத்தம் ஏற்ற முடிவு செய்தார்; அதுவும் ஒரே ஒரு யூனிட். முதல் கால் மணி நேரம் செவிலியர் கட்டிலருகிலேயே நின்று நாடியையும் உடல் வெப்பத்தையும் குறித்துக்கொண்டார். பலவீனமான இதயத்தின் மீது திடீரென நீர்ச்சுமை ஏறினால் மூச்சுத்திணறல் வரும் என்பதால் சொட்டின் வேகத்தையும் குறைத்தே வைத்தார். பிறகு பரிசோதித்ததில் 8.7 வந்தது, தலைசுற்றலும் நின்றது. எடுத்துவைத்திருந்த இரண்டாவது யூனிட்டை இரத்த வங்கிக்கே திருப்பிவிட்டார்கள். நிறுத்தத் தெரிந்த இந்த நிதானம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

குறைகளும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் காலையிலும் மாலையிலும் பரிசோதனைக்கென இரத்தம் எடுத்தார்கள். ஏற்கெனவே இரத்தம் குறைந்த மூதாட்டிக்குச் சிறிய குழாய்களைப் பயன்படுத்தலாம், எல்லாப் பரிசோதனைகளுக்கும் ஒரே முறை எடுக்கலாம். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. கையெழுத்திட வேண்டிய என் அப்பாவுக்கு நான் வரிவரியாகப் படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயுடன் சேர்த்துச் சாப்பிடக்கூடாது என்பதை மருந்தகத்தில்தான் சொன்னார்கள், வார்டில் அல்ல. டிஸ்சார்ஜ் சம்மரியில் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்ததும் ஒரு யூனிட் இரத்தம் ஏற்றியதும் விடுபட்டிருந்தன. கேட்டதும் மறுக்காமல் சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டணச் சீட்டில் ஏற்றிய ஒரு யூனிட்டுக்கான தொகையும், திருப்பியனுப்பியதற்குப் பொருத்தம் பார்த்த செலவும் மட்டுமே இருந்தன.